முகத்தில் பச்சை குத்திய பாடகர்

அன்புள்ள சார்,

டெக்சஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் என்னை ஒரு பழைய நடனக் கூடத்துக்கு அழைத்துப்போனார். மரத்தரை, தகரக் கூரை, நீளமான பெஞ்சுகள். கன்ட்ரி இசைக் கச்சேரி. கூட்டத்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கஞ்சி போட்டு மடிப்பு வைத்துத் தேய்த்த ஜீன்ஸ், பூட்ஸ், தொப்பி. மேடைக்கு வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூக்கில் வளையம், கழுத்து முழுக்கப் பச்சை, கண்ணுக்குக் கீழேயும் ஏதோ எழுத்து. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு மனைவி காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்தார். இரண்டாவது பாட்டில் பெரியவரின் பூட்ஸ் தாளம் போட ஆரம்பித்தது. நான்காவது பாட்டுக்கு இருவரும் எழுந்து ஆடப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது நண்பரிடம் கேட்டேன். "இங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, பாட்டை மட்டும்தான் கேட்பார்கள்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு பழமையில் ஊறிய ரசிகர்களுக்குப் பாடகரின் தோற்றம் ஒரு பொருட்டே இல்லையா? நம் சபா மேடையில் இப்படி ஒருவர் ஏறினால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் உபசாரத்துக்குச் சொல்லியிருக்கிறார். பார்ப்பார்கள், நன்றாகவே பார்ப்பார்கள். ஜீன்ஸுக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு வருகிற மனிதர், மேடையில் நிற்பவன் என்ன போட்டிருக்கிறான் என்று கவனிக்காமல் இருப்பாரா? செப்டம்பரில் தொழிலாளர் தினம் வந்ததும் வைக்கோல் தொப்பியை எடுத்து வைத்துவிட்டு ஃபெல்ட் தொப்பிக்கு மாற வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிற ஊர் அது. சபா மேடையை இதில் இழுக்க வேண்டாம். அது தனிக் கதை, கலந்தால் இரண்டும் குழம்பும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒருவரைப் பார்த்ததும் அந்த ரசிகர் மனதில் எழுவது 'இவன் நம்மாளா?' என்ற கேள்வி. தோற்றம் அந்தக் கேள்வியைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். பதிலை அவர்கள் வேறு இடத்தில் தேடுகிறார்கள். எங்கே என்பதுதான் சுவாரசியம்.

அதற்கு முன்னால் 'பாரம்பரியத் தோற்றம்' என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். தமிழில் சிலர் கன்ட்ரி இசையை நாட்டுப்புற இசை என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வயல்காட்டிலிருந்து நேராக வந்து பாடுகிறார்கள் என்று ஒரு படம் அதனால் வருகிறது. உண்மையில் அது வானொலியும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் சேர்ந்து நூறு வருடமாக நடத்தும் தொழில். உடுப்பும் அந்தத் தொழிலில் ஒரு சரக்கு.

1925 நவம்பரில் நாஷ்வில் நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வானொலி நிலையமான டபிள்யூ.எஸ்.எம். ஒரு சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1927-இல் அதற்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் வந்தது. இன்றும் நடக்கிறது. அதை நடத்திய ஜார்ஜ் டி. ஹே பத்திரிகையிலிருந்து வந்தவர். அவருக்குக் கிடைத்த முதல் கோஷ்டிகளில் ஒன்று ஹம்ஃப்ரி பேட் என்பவருடையது. பேட் முறையாகப் படித்த மருத்துவர். ஆரம்பகாலப் புகைப்படத்தில் அவருடைய கோஷ்டி கோட்டும் டையுமாக, கல்யாணத்துக்கு வந்த பெண் வீட்டார் மாதிரி நிற்கிறது. ஹேக்கு இது சரிப்படவில்லை. கோஷ்டிக்கு 'பாசம் ஹன்டர்ஸ்' என்று பெயர் வைத்தார். (பாசம் என்பது அங்கே மரமேறும் ஒரு விலங்கு. நம் பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அடுத்து வந்த படங்களில் டாக்டரும் அவர் ஆட்களும் பட்டை வைத்த ஓவரால், நைந்த தொப்பி சகிதம் இருக்கிறார்கள். நோயாளி பார்த்துவிட்டு வந்த டாக்டர், வானொலிக்காகக் குடியானவர் வேஷம் போட்டார். அதுதான் பிறகு பாரம்பரியம் ஆனது.

மின்னி பேர்ல் கதையும் இதே. 1940-இல் ஆப்ரிக்கு வந்து ஐம்பது வருடம் சிரிக்க வைத்த கிராமத்துப் பெண். தலையில் பூ வைத்த வைக்கோல் தொப்பி, அதிலிருந்து கழற்ற மறந்த விலைச்சீட்டு தொங்கும்: 1 டாலர் 98 சென்ட். வேஷத்துக்குள்ளே இருந்த சாரா காலி என்ற நடிகை வசதியான வீட்டுப் பெண், நாஷ்வில்லின் மேட்டுக்குடிக் கல்லூரி ஒன்றில் நாடகம் படித்தவர். ரசிகர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்தேதான் கொண்டாடினார்கள்.

அப்புறம் அந்த மினுமினுப்புக் கோட்டுகள். ஹாங்க் வில்லியம்ஸ், போர்ட்டர் வாகனர் போன்ற பாடகர்கள் போட்டுக்கொண்ட, கற்கள் பதித்து எம்பிராய்டரி செய்த உடைகள் பலவும் நூடி கோன் என்பவர் கடையில் தைத்தவை. அவர் 1902-இல் கீவ் நகரில் பிறந்த யூதர். நியூயார்க்கில் மேடையில் ஆடை களைந்து ஆடும் பெண்களுக்கு உள்ளுடுப்பு தைத்துப் பிழைத்துவிட்டு, கலிபோர்னியா போய் கௌபாய்ப் பாடகர்களின் தையல்காரர் ஆனார். வாகனரின் கோட்டில் வண்டிச்சக்கரம் மின்னும். அவர் பெயரிலேயே வண்டி இருப்பதால். எந்த மாட்டுக்காரன் இப்படி உடுத்திக்கொண்டு மாடு மேய்த்தான்?

நான் இந்த இசைக்குள் வந்தது ஜிம் ரீவ்ஸ் வழியாக. எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் இருந்தது. டிசம்பர் வந்தால் அவர் கேசட்தான் ஓடும். அந்த அடங்கிய குரலுக்கு நானாக ஒரு தொப்பியும் குதிரையும் கற்பனை செய்து வைத்திருந்தேன். பல வருடம் கழித்து அட்டைப்படத்தைப் பார்த்தால், வங்கி மேலாளர் மாதிரி கோட்டு சூட்டில் சிரிக்கிறார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. 1960களில் அந்தக் கோட்டு சூட்டும் பின்னால் வழிகிற வயலின் கூட்டமும் 'நம்ம பாட்டே இல்லை' என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்த காலம் உண்டு. அப்போது அவர்களுக்கு உறுத்தியது ஒழுங்கான தோற்றம்!

சரி, கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேரின் தலைமுடியை வைத்துச் சொல்லலாம்.

1968 மார்ச் 15. லாஸ் ஏஞ்சலஸ் ராக் கோஷ்டியான 'பேர்ட்ஸ்' கன்ட்ரிப் பாடல்கள் பதிவு செய்ய நாஷ்வில் வந்து, ரைமன் அரங்கில் ஆப்ரி மேடை ஏறியது. ஊருக்கு மரியாதையாக முடியைக் குறைத்துக்கொண்டுதான் போனார்கள். போதவில்லை. கோஷ்டியின் பெயரை வைத்துக் கூட்டத்திலிருந்து குருவி மாதிரி கீச்சிட்டார்கள், முடியை வெட்டு என்று கத்தினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த கிராம் பார்சன்ஸ் அடுத்து ஒரு காரியம் செய்தார். கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகர்டின் பாட்டு என்று அறிவிப்பு ஆகியிருக்க, அதை விட்டுவிட்டுத் தன் பாட்டியின் நினைவாகச் சொந்தப் பாட்டைப் பாடினார். ஆப்ரிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. முடியைவிட அவர்களுக்கு இதுதான் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன். விருந்துக்கு வந்த வீட்டில் பந்தி வரிசையை மாற்றியது மாதிரி. மறு வருடம் இதே பார்சன்ஸ் நூடி கடையில் ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டார். மானுவல் குவேவாஸ் என்ற தையற்கலைஞரின் கைவண்ணம். கிட்டத்தில் பார்த்தால் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள், கழுத்துப்பட்டையில் நிர்வாணப் பெண்கள்; முதுகில் பெரிய சிலுவை. இப்போது அது நாஷ்வில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆள் 1973-இல் இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். கோட்டை ஏற்றுக்கொள்ள ஊருக்கு அவகாசம் தேவைப்பட்டது.

இன்னொரு தலை கன்ட்ரிப் பாடகர் வில்லி நெல்சனுடையது. 1960களின் படங்களில் முடியை ஒட்ட வெட்டி, சூட்டு போட்டு, முகச்சவரம் செய்த வில்லியைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. 1970களின் தொடக்கத்தில் நாஷ்வில்லை விட்டு உங்கள் ஊர்ப் பக்கம் வந்தார். முடி காதைத் தாண்டி, தோளைத் தாண்டி, கடைசியில் இரட்டைச் சடையே ஆயிற்று. ஹிப்பிகளை வெட்கப்படாமல் கேலி செய்த ஹாகர்டின் பாட்டு 1969-இல் முதலிடத்துக்குப் போயிருந்த காலம் இது. ஆனாலும் 1972-இல் ஆஸ்டினின் 'ஆர்மடில்லோ' அரங்கில் வில்லி பாடியபோது ஜடாமுடிப் பையன்களும் தொப்பி போட்ட பண்ணைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டார்கள். 1983-இல் அதே ஹாகர்ட் வில்லியோடு சேர்ந்து ஒரு ஆல்பமே போட்டார். வில்லி வெட்டி நண்பர் வேலன் ஜென்னிங்ஸுக்குக் கொடுத்த சடை 2014-இல் 37,000 டாலருக்கு ஏலம் போயிற்று. திருப்பதியில்கூட அந்த விலை கிடைக்காது.

ஒரு தலைக்குக் கீச்சொலி, இன்னொரு தலைக்கு ஏலம். வில்லி அந்த ஊர் ஆள் என்பதுதான் காரணம். டெக்சஸின் ஆபட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டி வளர்த்த பையன், பருத்தி எடுத்தவர். 1961-இல் பேட்ஸி க்ளைன் பாடி எல்லார் வாயிலும் நின்ற பாட்டை எழுதியவர். முடி வளர்வதற்கு முன்பே கணக்கில் வரவு இருந்தது.

இதை வைத்து 'பாட்டு நன்றாயிருந்தால் போதும்' என்று முடித்துவிடக் கூடாது. உடுப்பை மாற்றலாம், முடியை வெட்டலாம். டிஃபோர்ட் பெய்லி என்ன செய்வார்? ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். மவுத் ஆர்கனில் ரயில் வண்டியை ஓட்டிக் காட்டுவார். எப்போதும் பொருத்தமான சூட்டு, டை, தொப்பி. கறுப்பர். வெளியூர்க் கச்சேரிக்குப் போனால் கைதட்டுவார்கள். ராத்திரி தங்க ஓட்டலில் இடம் தர மாட்டார்கள். 1941-இல் நிலையம் அவரை வெளியே அனுப்பியது. நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துக் காலம் தள்ளி 1982-இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2005-இல்.

அவருக்குப் பிறகு இன்னொரு கறுப்பர், பாடகர் சார்லி பிரைட். 1966-இல் ஆர்.சி.ஏ. கம்பெனி அவருடைய முதல் தட்டுகளைப் புகைப்படம் இல்லாமல் வானொலிகளுக்கு அனுப்பியது. மிசிசிப்பிக் குரல், கேட்டவர்கள் வெள்ளைக்காரர் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் டெட்ராய்ட்டில் பெரிய கூட்டம். பெயர் சொன்னதும் கைதட்டல் எழுந்தது, ஆள் வெளிச்சத்துக்கு வந்ததும் அப்படியே அடங்கிவிட்டது. பிரைட் தன் 'நிரந்தர வெயில் நிறத்தை' வைத்துத் தானே ஒரு ஜோக் அடித்தார். பிறகு பாடினார். கூட்டம் அவர் பக்கம் வந்தது. 29 முறை பில்போர்ட் பத்திரிகையின் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். கம்பெனி பயந்த அளவுக்கு ரசிகர்கள் மோசமில்லை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அமைதிதான் உறுத்துகிறது. அதை உடைக்கும் பொறுப்பு பாடகர் தலையில் விழுந்ததே.

கே.டி. லாங் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணப் பாடகி, ஒட்ட வெட்டிய முடி, ஆண் உடை. 1980களின் கடைசியில் கன்ட்ரிக்காக கிராமி வாங்கியபோதும் வானொலிகள் அவரை அரைமனதாகத்தான் போட்டன. ஆனால் 1990-இல் மாட்டிறைச்சிக்கு எதிரான ஒரு விளம்பரத்தில் அவர் வந்ததும், மாடு வளர்க்கும் வட்டாரத்து நிலையங்கள் பகிரங்கமாகவே அவர் பாட்டை நிறுத்தின. முடியைச் சகித்துக்கொண்டவர்களுக்கு சோற்றில் கை வைத்ததைச் சகிக்க முடியவில்லை.

இனி உங்கள் பச்சைக்காரப் பையன். இப்போது முகத்தில் பச்சை அங்கே அவ்வளவு அதிசயமில்லை. ஜெல்லி ரோல் என்ற பாடகரின் முகத்தில் சிலுவை உட்படப் பல பச்சை. நாஷ்வில்லின் ஆன்டியாக் பகுதிக்காரர், சிறை கண்டவர், ராப் பாடித் திரிந்தவர். 2023-இல் கன்ட்ரி இசைச் சங்கம் அவருக்குப் புதுமுக விருது கொடுத்தபோது வயது 38. ஹாகர்டே சான் குவென்டின் சிறையிலிருந்து வந்தவர் இல்லையா? குடித்தேன், கெட்டேன், திருந்தப் பார்க்கிறேன் என்பது அந்த இசையின் மிகப் பழைய கதை. அதைக் கன்னத்திலேயே எழுதிக்கொண்டு ஒருவன் வந்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியும்.

கடைசியாக உங்கள் கூடத்தைப் பற்றி ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை பெரியவர் மேடையைப் பார்த்தார். எழுந்த பிறகு? டூ-ஸ்டெப் ஆடுகிற ஜோடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி வருவார்கள். முன்னால் போகும் ஜோடி மேல் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மனைவியின் காலை மிதிக்கக் கூடாது. மேடையில் யார் மூக்கில் என்ன இருந்தால் என்ன? டிரம்மர் வேகத்தை இழுத்தால்தான் அவருக்குக் கோபம் வரும். பெடல் ஸ்டீல் கிட்டார் சரியான இடத்தில் வந்து விழுந்தால் போதும். அந்தப் பையன் நான்காவது பாட்டுக்கு ஆட்களை எழுப்பியிருக்கிறான் என்றால் தொழில் தெரிந்தவன்தான்.

முதல் பாட்டின்போது அவர் மனைவி காதில் என்ன சொன்னார் என்பது ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆடி முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஏதாவது சொன்னாரா? நீங்கள் எழுதவில்லையே. மறுபடி போனால் அதே பெஞ்சில் உட்காருங்கள்.

அன்புடன்.