பித்தளைச் சொம்பு பிளாஸ்டிக் மாதிரி தெரியுதுன்னா

வணக்கம். கிரிட்டாங்கிற ஓவிய மென்பொருள்ல வரைஞ்ச பித்தளைச் சொம்பு மஞ்சள் பிளாஸ்டிக்காத் தெரியுதுன்னு கேட்டிருந்தீங்க. வடிவம் அருமை, நிறங்களை மெதுவாக் குழைக்கிற ஏர்பிரஷ்தான் கெடுக்குது. சொம்புக்கு எதிர்ல என்ன இருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அதுதான் சொம்புல பிரதிபலிக்கும். ஜன்னல், சிவப்புத் தரைன்னு வெச்சுக்குவோம். ஓரம் கூர்மையான பிரஷ்ல, ஜன்னலோட பிரதிபலிப்பை வெளிர்மஞ்சள்ல வயிற்றுப் பக்கம் வளைச்சுப் போடுங்க. ஒட்டியே அடர்பழுப்பு வரணும், நடுவுல குழைக்காதீங்க. கழுத்துல வளைவு இறுக்கம், அதே ஜன்னல் மெல்லிய கோடா ஒடுங்கிடும். அடிப்பக்கம் தரையோட சிவப்பு ஏறணும். நிழலுக்குக் கறுப்பு கலந்தா மஞ்சள் பச்சையடிக்கும்; செம்பழுப்பே போதும். பித்தளை வெளிச்சத்தையும் மஞ்சளாக்கித்தான் திருப்பும், அதனால சுத்த வெள்ளை விளிம்புல ஒரு பொட்டுதான். நிறத்தைப் பளிச்சுன்னு ஆக்குற கலர் டாட்ஜ் மோடைக் கடைசி வரைக்கும் தொடாதீங்க. புளி போட்டுத் தேய்க்காத பழைய சொம்புன்னா மட்டும் பிரதிபலிப்போட ஓரங்களை லேசா மங்க வைக்கலாம்.