நூரியா பல்சக்கர ரயில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலை ரயில்கள் பற்றிய உங்கள் குறிப்பில், ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள நூரியா பள்ளத்தாக்குக்குப் பல்சக்கர ரயில் மட்டுமே போகிறது என்று ஒரு வரி படித்தேன். தங்கை பார்சிலோனாவில் வேலை பார்க்கிறாள். மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. மூன்று கேள்விகள். ஊட்டி ரயிலில் இருக்கும் அதே பல்சக்கரம்தானா இது? கார் போகவே போகாது என்பது உண்மையா, விளம்பரத்துக்குச் சொல்வதா? அம்மாவோடு பார்சிலோனாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

மீ., கோயம்புத்தூர்

அன்புள்ள மீ.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால் மற்ற இரண்டும் எளிது.

உண்மைதான். கெரால்ப்ஸ் என்ற மலைக் கிராமத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நூரியாவுக்கு இரண்டே வழி: ரயில், அல்லது நடந்து ஏறுவது. மேலே ஒரு தேவாலயம், அதை ஒட்டிய விடுதி, உணவகம், ஏரி, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மைதானம் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சாப்பாட்டுப் பொருள் ஏறுவதும் குப்பை இறங்குவதும் இந்தத் தண்டவாளத்தில்தான். சுற்றுலா ரயில் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் ‘ரயில் போய்விட்டால் டாக்சி பிடித்துக்கொள்ளலாம்’ என்று மனதின் ஓரத்தில் வைத்திருப்பார்கள். அங்கே டாக்சி வராது. கடைசி ரயிலை விட்டால் மேலேயே தங்க வேண்டும், இல்லாவிட்டால் மலைப்பாதையில் இறங்க வேண்டும். உங்கள் நாளின் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

இந்தப் பாதை 1931 மார்ச் 22 அன்று திறக்கப்பட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஸ்பெயினில் முடியாட்சி விழுந்து குடியரசு வந்திருந்த நேரம், கட்டலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்தை எழுத வந்த குழு நூரியாவில்தான் கூடியது. 1931 ஜூனில் அங்கே எழுதி முடித்த வரைவுக்கு ‘நூரியா சட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதுவரை யாத்திரிகரும் ஆடு மேய்ப்பவர்களும் மணிக்கணக்கில் ஏறிப் போன இடம் அது. ரயில் வந்து ஒரு கோடை தொடங்குவதற்குள் அரசியல் வரலாற்றில் ஏறிவிட்டது.

இனி பல்சக்கரம், அதாவது செங்குத்தில் வழுக்காமல் இருக்க, தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்பட்டையைப் பிடித்து ஏறும் சக்கரம். ஆம், ஊட்டி ரயிலில் இருக்கும் அதே ஆப்ட் முறைதான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1882இல் காப்புரிமை பெற்றது. இரண்டு பாதைகளிலும் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். நீலகிரி பாதைக்கு எக்ஸ் வகை நீராவி என்ஜின்களைச் செய்து கொடுத்த சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையே நூரியாவின் முதல் மின் என்ஜின்களின் தயாரிப்பிலும் பங்குகொண்டது. ஆகவே ஊட்டி ரயிலில் பல் தொடங்கும் கல்லாறில் கேட்கும் சத்தத்தின் உறவுக்காரச் சத்தத்தைத்தான் உங்கள் அம்மா அங்கேயும் கேட்கப்போகிறார்.

ஆப்ட் முறையின் நுட்பத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் ரசிக்க முடியும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, ஸ்லீப்பர் கட்டைகளுக்குச் சற்று மேலே தூக்கி, தட்டையான இரண்டு இரும்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்தியிருப்பார்கள். இரண்டின் மேல்விளிம்பிலும் பற்கள். ஆனால் ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும், அரைப் பல் தள்ளி. வண்டிக்கு அடியில் உள்ள பல்சக்கரமும் இதே போல அரைப் பல் விலகிய இரட்டைத் தட்டு. ஒரு பல் விடுபடும் நேரத்தில் அடுத்த தட்டின் பல் முழுதாகப் பிடித்திருக்கும். பிடி ஒருபோதும் அறுவதில்லை, குலுக்கலும் குறைகிறது. பட்டைகள் தூக்கி வைக்கப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. கல்லும் இலைச் சருகும் பல்லிடுக்கில் தங்காமல் கீழே விழுந்துவிடும். உறைபனி மட்டும் அப்படி விழாது. பல்லிடுக்கில் பனி இறுகிவிட்டால் சக்கரப் பல் முழு ஆழத்துக்கு இறங்காது. சக்கரம் மேலே ஏறிக்கொள்ளும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. பனி நாளில் பாதையைச் சுத்தம் செய்த பிறகே பயணிகள் ரயிலை விடுவதன் காரணம் இதுதான். அப்படி ஒரு நாளில் ரயில் தாமதமானால் யாரையும் கோபிக்காதீர்கள்.

கட்டலான் மொழியில் இந்த ரயிலுக்கு ‘க்ரெமல்யேரா’ என்று பெயர். சட்டைப்பை ஜிப்புக்கும் அதே சொல்தான். ஜிப்பை இழுக்கும்போது பல் பல்லோடு கோத்துக்கொள்வதை நினைத்துக்கொண்டால் இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது.

மொத்தப் பாதை 12.5 கிலோமீட்டர். அதில் முதல் ஐந்தரை கிலோமீட்டரில் பல் கிடையாது. அங்கே ஏற்றம் நூறு மீட்டருக்கு 6 மீட்டருக்குள் அடங்குவதால் சாதாரண சக்கரத்தின் பிடிமானமே போதும். கெரால்ப்ஸ் நெருங்கும்போது பல் தொடங்குகிறது. அதன் பிறகு நூறு மீட்டருக்கு 15 மீட்டர் வரை ஏறுகிறது. ஊட்டிப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்திலேயே 12 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது நூறுக்கு எட்டேகால் சொச்சம்தான். நூரியாவின் 15ஐ இப்படிக் கற்பனை செய்து பாருங்கள்: 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி என்றால் அதன் ஒரு முனை மற்ற முனையைவிட 3 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு வீட்டின் தரையும் மாடியும் போல.

பல் தொடங்கும் இடத்தில் வண்டி வேகம் குறைவதைக் கவனியுங்கள். சக்கரப் பல் பட்டையின் பள்ளத்தில் சரியாக விழ வேண்டும், பல் மேல் பல் இடிக்கக் கூடாது. அதற்காகப் பட்டையின் தொடக்கத் துண்டை ஸ்பிரிங்கின் மேல் பொருத்துவது இந்த முறையின் வழக்கம். பல் இடித்தால் அந்தத் துண்டு சற்று அமுங்கி இடம் கொடுக்கும், பிறகு கோத்துக்கொள்ளும். காலுக்கு அடியில் ஒரு சின்ன அதிர்வு, அதன் பின் விடாத ஓர் உறுமல். அந்த நொடியை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கெரால்ப்ஸ் வரையிலான முதல் பாதிக்கும் அதற்கு மேல் உள்ள பாதிக்கும் ஏறத்தாழ இருபது இருபது நிமிடம், மொத்தம் 40 நிமிடம். ‘இவ்வளவு மெதுவா’ என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இறக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏறுவதற்குப் பலம் போதும், இறங்குவதற்குப் பிடி வேண்டும். சாதாரண சக்கரத்தில் பிரேக் போட்டால் ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கும். ஆகவே பல்சக்கரப் பாதையில் முக்கியமான பிரேக் பல்சக்கரத்தின் அச்சில்தான் பிடிக்கும். அதுவும் ஒன்று பழுதானால் இன்னொன்று என்று தனித்தனியாக. வேகம் மிகுந்தால் பல் பள்ளத்தை விட்டு ஏறிவிடலாம். நீலகிரியில் ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன் செய்கிற வேலையை நூரியாவில் கருவிகள் செய்கின்றன. வேலை ஒன்றுதான்.

இந்தப் பாதையின் இன்னொரு பகை பாறைச்சரிவு. செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் ஓடிய பழைய தடத்தின் ஒரு பகுதியைக் கைவிட்டு, ரோக் தெல் துயி பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். 2008 முதல் ரயில் அதன் வழியே போகிறது. பள்ளத்தாக்கின் காட்சியில் கொஞ்சம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. இருக்கும் ஒரே வழியை எது காக்கிறதோ அதுதான் சரி.

சரி, உங்கள் நாளுக்கு வருவோம். ஒரே நாளில் முடியும், ஆனால் காலையில் நேரத்தோடு கிளம்ப வேண்டும்.

பார்சிலோனா சான்ட்ஸ் அல்லது பிளாசா கட்டலூன்யா நிலையத்தில் ‘ஆர் 3’ ரயில் ஏறுங்கள். ரீபெஸ் தெ ஃப்ரெசேர் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆர் 3 என்று போட்ட எல்லா ரயிலும் ரீபெஸ் வரை போகாது. பல ரயில்கள் விக் ஊரிலோ ரிப்போலிலோ நின்றுவிடும். பலகையில் ரீபெஸ், புச்செர்தா, லா தோர் தெ கெரோல் ஆகிய மூன்றில் ஒன்று கடைசி ஊராக இருந்தால் மட்டுமே ஏறுங்கள். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடம், எதிர் ரயிலுக்காகக் காத்திருப்பதால் தாமதம் சகஜம். பராமரிப்பு வேலை நடந்தால் ஒரு பகுதிக்கு மாற்றுப் பேருந்து விடுவார்கள். முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். பல்சக்கர ரயிலுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யும்போது, ஆர் 3 வந்து சேரும் நேரத்துக்கும் அதற்கும் நடுவே அரைமணியாவது விடுங்கள்.

ரீபெஸில் நீங்கள் ஏற வேண்டிய நிலையம் ‘ரீபெஸ்-என்யாஸ்’. என்யாஸ் என்றால் இணைப்பு. பெரிய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. ‘ரீபெஸ்-வீலா’ என்பது ஊருக்குள் இருக்கும் அடுத்த நிலையம், காரில் வருகிறவர்களுக்கு வசதி. தங்கை கார் ஓட்டுவதாக இருந்தால் கெரால்ப்ஸ் வரை வளைவுச் சாலையில் ஏறி அங்கே ரயில் பிடிக்கலாம், ஆனால் விடுமுறை நாளில் அங்கே வண்டி நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். தவிர, பல் கோத்துக்கொள்ளும் இடத்தையும் இழப்பீர்கள். அடியிலிருந்தே ஏறுங்கள் என்பேன்.

திரும்புவதற்கான கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ரீபெஸிலிருந்து பார்சிலோனா போகும் கடைசி ரயிலைப் பார்த்து, அதற்கு முந்தைய ரயிலை உங்கள் ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடிக்க நூரியாவிலிருந்து எத்தனை மணிக்குக் கீழே கிளம்ப வேண்டும் என்று பாருங்கள். பல்சக்கர ரயிலின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். இலையுதிர்காலத்தில் ஆண்டுப் பராமரிப்புக்குச் சில நாள் நிறுத்துவதும் உண்டு. மாலை இறக்க ரயிலில்தான் கூட்டம் அதிகம். அம்மாவுக்கு இருக்கை வேண்டுமென்றால் இருபது நிமிடம் முன்பே நடைமேடையில் நில்லுங்கள்.

உயரம் பற்றி அஞ்ச வேண்டாம். நூரியா நிலையம் 1,964 மீட்டரில் இருக்கிறது, ஊட்டியைவிடத் தாழ்வு. குளிர் மட்டும் ஊட்டிக் குளிர் இல்லை. சுற்றிலும் பிரனீஸ் சிகரங்கள். புச்மால் 2,910 மீட்டர், மேலே மே மாதத்திலும் பனி கிடக்கும். ஸ்வெட்டரோடு காற்றும் மழையும் புகாத மேலுடையும் எடுத்துச் செல்லுங்கள். பிற்பகலில் இடிமழை வரக்கூடிய மலை அது.

மேலே இறங்கியதும் ஏரிக்கரையை ஒட்டியே நடக்கலாம், அம்மாவின் முழங்காலுக்கு அது போதும். தேவாலயத்தில் ஒரு பானையும் மணியும் சிலுவையும் இருக்கின்றன. அந்த இடத்தின் முனிவர் புனித ஜில் மேய்ப்பர்களைச் சாப்பிட அழைக்க மணியடித்தார், பானையில் சமைத்தார் என்பது ஐதீகம். குழந்தை வேண்டும் பெண்கள் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு மணியை அடிப்பார்கள். பிறக்கும் பெண்ணுக்கு நூரியா என்று பெயர் வைக்கும் வழக்கம் கட்டலோனியா முழுவதும் உண்டு. அம்மா இதற்கு ஒரு பத்து நிமிடம் நிச்சயம் நிற்பார்.

நீங்களும் தங்கையும் கொஞ்சம் நடக்க ஆசைப்பட்டால், நூரியாவிலிருந்து கெரால்ப்ஸுக்கு இறங்கும் பழைய யாத்திரைப் பாதை இருக்கிறது. ஆற்றை ஒட்டி, அருவிகளைக் கடந்து, ஏறக்குறைய 700 மீட்டர் இறக்கம், இரண்டு மணி நேரம் ஆகும். ஏறுவதென்றால் மூன்று. கல் படிகள் மழையில் வழுக்கும், நடுவே கடை கிடையாது. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். பனிக்காலத்தில் நிழல் விழும் இடங்களில் படி முழுக்க ஐஸ் ஆகிவிடும், அப்போது பழக்கமில்லாதவர்கள் அந்தப் பாதையை நினைக்கவே கூடாது. மே மாதத்திலும் நிலைய அலுவலரிடம் பாதை எப்படி என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒருவர் அம்மாவோடு ரயிலில் இறங்க, மற்றவர் இரண்டு மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்கினால், கெரால்ப்ஸ் நடைமேடையில் அதே ரயிலில் ஏறிக்கொள்ளலாம். நடப்பவர் கையிலும் கெரால்ப்ஸிலிருந்து ரீபெஸ் வரைக்கான டிக்கெட் இருக்கட்டும். இரண்டு மணி போதாது என்று தோன்றினால் இரண்டரையாக வைத்துக்கொள்ளுங்கள், ரயில் காத்திருக்காது.