பட்டுப்புழுவின் காட்டுச் சொந்தம்

கேள்வி: வளர்ப்புப் பட்டுப்புழுவுக்குக் காட்டில் சொந்தபந்தம் யாராவது மிச்சம் உண்டா?

பதில்: உண்டு. பெயர் பாம்பிக்ஸ் மாண்டரினா. சீனா, கொரியா, ஜப்பானில் முசுக்கொட்டை மரங்களில் வாழ்கிறது. வளர்ப்புப் புழு வெள்ளைவெளேர். இதுவோ பழுப்பும் சாம்பலுமாகக் குச்சியோடு ஒட்டிக் கிடக்கும். பக்கத்தில் போனாலும் சட்டென்று தெரியாது. சீண்டினால் முன்னுடம்பை உப்பிக்கொள்ளும், அங்குள்ள கண்போன்ற புள்ளிகள் நம்மை முறைக்கும். பூச்சியானதும் நன்றாகப் பறக்கும். சுமார் 5,000 ஆண்டுகள் உட்காரவைத்துச் சோறு போட்டதில் வளர்ப்புப் பூச்சிக்கு அது மறந்தேபோச்சு, சிறகைப் படபடக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த சங்கதி குரோமோசோம், அதாவது உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை. வளர்ப்புக்கும் சீனக் காட்டுப்பூச்சிக்கும் 28 ஜோடி, ஜப்பானியப் பூச்சிக்கு 27. ஏதோ ஒரு காலத்தில் ஜப்பானியப் பூச்சியில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. வளர்ப்பு சீனாவில் தொடங்கியது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. இத்தனைக்கும் ஜப்பானியப் பூச்சியும் வளர்ப்போடு கூடும், குஞ்சுகளும் மலடாவதில்லை!