"கொக்குக்கு ஒரு படமா?"

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

சின்ன வயதில் 'ஸ்டார்ம் பாய்' பார்த்தேன். 1976இல் வந்த ஆஸ்திரேலியப் படம். கூரோங் கடற்கரையில் அப்பாவோடு தனியே வாழும் பையன், தாயை இழந்த மூன்று கூழைக்கடாக் குஞ்சுகளை வளர்ப்பான். பெரிதானதும் விட்டுவிடச் சொல்வார் அப்பா. ஒன்று மட்டும் திரும்பி வரும். அதை வேட்டைக்காரர்கள் சுட்டுவிடுவார்கள். அன்று சாப்பிடாமல் அழுதேன்.

போன சனிக்கிழமை என் மகனை உட்கார வைத்து அதைப் போட்டேன். பறவை சாகும்போதுகூடக் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை. முடிந்ததும், "ரொம்ப ஸ்லோம்மா" என்றான். இவனைக் கைக்குழந்தையாக ஜூரோங் பறவைப் பூங்காவுக்குத் தூக்கிப்போய்க் கூழைக்கடா காட்டியவள் நான். அந்தப் பூங்காவையும் 2023இல் மூடிவிட்டார்கள். கணவர் வேறு, "கொக்குக்கு ஒரு படமா?" என்று சிரித்தார். கைப்பேசியை வை என்று மகனிடம் ஒரு வார்த்தை இல்லை, சிரிப்புதான். இந்தத் தலைமுறைக்கு மனசே இல்லையா? அடுத்த மாதம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் போகிறான், இன்னும் இறுகிவிடுவான். கணவரும் அங்கே போய் வந்தவர்தான், எதுவும் பேசமாட்டார். (எனக்கும் என்னவோ, பறவை செத்தபோது அழுகை வரவில்லை, விட்டுவிடும் காட்சியில் வந்து தொலைத்தது.) என் மகன் ஏன் இப்படி ஆனான்?

ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

கைப்பேசி, தலைமுறை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறேன். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று அந்தப் பையனாக இருந்து படம் பார்த்தீர்கள். இப்போது வளர்த்தவளாகப் பார்த்தீர்கள். ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகப்போகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு எந்தக் காட்சியில் அழுகை வரும்?

கசப்பாக ஒன்று சொல்கிறேன். மகனுக்கே தெரியாமல் அவனுக்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டு, ஃபெயில் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவன் அழுதிருந்தால் 'இன்னும் என் குழந்தைதான்' என்று நிம்மதியாகியிருப்பீர்கள். படையில் சேரப்போகிற பையன், சனிக்கிழமையும் அதுவுமாக, பிடிக்காத படத்துக்கு அம்மா பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறான். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

படத்தில் ஒரு பறவை திரும்பி வருகிறதே என்று ஆறுதல் தேடவும் வேண்டாம். இவன் வார இறுதியில் அழுக்குத் துணியோடு வருவான், தூங்குவான், நண்பர்களைப் பார்க்கப் போய்விடுவான். அதையும் வந்ததாகச் சேர்த்துக்கொள்ளப் பழகுங்கள்.

கணவரோடு படத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அவர் படையில் சேர்ந்த நாளன்று அவருடைய அம்மா என்ன செய்தார் என்று கேளுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்.