எஸ்.எச்.எல் எம்11 (பழைய போலந்து பைக்): 1970 மாடல், 4 கியர் என்கிறார் விற்பவர், நம்பலாமா?

நம்பாதீர்கள். போலந்தின் கியெல்ட்ஸெ ஆலையில் எம்11 வந்தது 1961இல், நின்றது 1968இல். 1970 என்றால் பதிவு செய்த ஆண்டாக இருக்கலாம்; இல்லையென்றால் பேப்பரில் கோளாறு.

கியர்தான் முக்கியமான துப்பு. சாதாரண எம்11இல் எஸ்32 இன்ஜின், 9 குதிரைத்திறன், 3 கியர். 4 கியர் வந்தது கடைசிக் காலத்து எம்11 டபிள்யூவில்தான். அதில் டபிள்யூ2 இன்ஜின். இதே குடும்பத்து இன்ஜின்தான் பிற்பாடு டபிள்யூ.எஸ்.கே 175 என்ற இன்னொரு போலந்து பைக்குக்கும் போனது. ஆகவே பழைய எம்11 பிரேமில் டபிள்யூ.எஸ்.கே இன்ஜினை மாட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி கியரை எண்ணுங்கள். பிரேம் எண், இன்ஜின் எண் இரண்டையும் பேப்பரோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை அடங்காமல், கியர் ஆயிலும் குறைந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது.

நம்மூர் ராஜ்தூத் 175 எம்11இன் லைசென்ஸ் வாரிசுதான். அதற்காக எம்11க்குப் போட ராஜ்தூத் பாகங்களை அளந்து பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள், குறிப்பாக பிஸ்டன்.