எண்ணூறு வருடத்துப் படத்துக்கு யாருக்குப் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: இடைக்கால ஐரோப்பியக் கதைகளில் வரும் விலங்குகளை வைத்து, ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 ஓவியங்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருக்கும், விலங்குக் கதைகளும் படங்களும் கொண்ட கையெழுத்து நூலான விலங்குச் சுவடியின் படங்களை இணையத்தில் பார்த்துத்தான் வரைகிறேன். புத்தகமாகப் போட்டு வெளிநாட்டிலும் ஆன்லைனில் விற்க ஆசை. ஆனால் ஒரு படக் கம்பெனி, ஒவ்வொரு படத்துக்கும் தங்களிடம் லைசென்ஸ் வாங்கச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறது. தெரிந்தவர்களோ, அவ்வளவு பழைய படத்துக்கு உரிமை ஏது என்கிறார்கள். யார் சொல்வது சரி? – வாசகி, ஈரோடு.

பதில்: தெரிந்தவர்கள் சொல்வதுதான் சரி. பார்த்து உங்கள் கையால் வரைகிற வரைக்கும் அந்தக் கம்பெனிக்குச் சல்லிக்காசு தர வேண்டாம்.

அபர்டீன் சுவடி 1200ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் உருவானது. வரைந்தவர் பெயர்கூடத் தெரியாது. பதிப்புரிமை என்பது இந்தியாவில் படைத்தவர் இறந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு. எந்தக் கணக்குப் போட்டாலும் இது என்றைக்கோ முடிந்த விஷயம். விலங்குகளும் அப்படியே. இரண்டு முனையிலும் தலையுள்ள ஆம்ஃபிஸ்பீனா பாம்பு, நோயாளி பிழைப்பார் என்றால் அவரைப் பார்த்து, பிழைக்கமாட்டார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கலாட்ரியஸ் பறவை, எல்லாம் பொதுச்சொத்து. காளைபோன்ற போனகான் என்ற விலங்குக்குக் கொம்பு உள்பக்கமாகச் சுருண்டிருக்கும், முட்டிப் பிரயோஜனமில்லை. அதனால் துரத்துகிறவன் மேல் மூன்று ஏக்கர் பரப்புக்குச் சாணத்தைப் பீய்ச்சிவிட்டு ஓடும். பட்டதெல்லாம் பற்றி எரியும். பின்னாலேயே ஈட்டியும் கேடயமுமாக வேட்டைக்காரர்கள். இந்தக் காட்சியைத் திரும்ப வரைய யாரைக் கேட்க வேண்டும்?

அப்படியானால் அந்தக் கம்பெனி எதை விற்கிறது? போட்டோவை. பொதுக் கிணற்றுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குடத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வேலை. பழைய படத்தை அப்படியே எடுத்த போட்டோவுக்குத் தனி உரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1999லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் அதைச் சட்ட ஆணையாகவே போட்டது. 2023ல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டும், சொந்தமான படைப்புத் தேர்வு இல்லாத இடத்தில் பதிப்புரிமை இல்லை என்ற அளவுகோலை உறுதிசெய்தது. நம் சட்டத்தில் இதை ஒரே வரியில் எழுதிவைத்திருக்கலாம். எழுதவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் இந்தக் கம்பெனிகள் பிழைக்கின்றன. மக்கள் பணத்தில் நடக்கும் நூலகங்களும் சளைத்தவை அல்ல, ஆளுக்கொரு நிபந்தனை வைத்திருக்கின்றன.

போட்டோவையே புத்தகத்தில் அச்சிட நினைத்தால் அந்த நிபந்தனையைப் படித்தாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகப் படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான். லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி மியூசியமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியமும் தங்களிடமுள்ள பழைய ஓவியப் படங்களை வணிகத்துக்கும் இலவசமாகவே திறந்துவிட்டிருக்கின்றன. கெட்டியிடம் நல்ல விலங்குச் சுவடியே இருக்கிறது, அங்கே போங்கள்.

நீங்கள் கேட்காத இடத்தில்தான் உண்மையான ஆபத்து. படத்துக்குக் கீழே ஒரு வரி போடுவீர்கள் அல்லவா? அந்த வரி எங்கிருந்து வருகிறது? சுவடி லத்தீனில் இருக்கிறது. உங்கள் கைக்குக் கிடைப்பது யாரோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மூலம் பழையது என்றாலும் மொழிபெயர்ப்பு புதிய படைப்பு, அதற்குத் தனி ஆயுள். இத்தகைய சுவடிகளின் மொழிபெயர்ப்புகளில் அதிகம் புழங்குவது ஆங்கில எழுத்தாளர் டி. எச். ஒயிட் 1954ல் வெளியிட்டது. அவர் இறந்தது 1964. நம் சட்டப்படி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். ஆக, இந்தியாவில் 2024 டிசம்பரோடு முடிந்தது. பிரிட்டனில் 2034 டிசம்பர் வரை உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் கணக்கே வேறு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை இழுக்கும். அதே வரியை அச்சிட்டு ஈரோட்டில் விற்றால் குற்றமில்லை, லண்டனுக்கு ஒரு பிரதி அனுப்பினால் மீறல். எனக்கே இது கேலிக்கூத்தாகத்தான் தெரிகிறது, ஆனால் சட்டம் அதுதான். சுலபமான வழி இருக்கிறது: செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். போனகான் சாணம் எரியும் என்ற செய்திக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. இதைவிட முக்கியமாக, இன்றைய ஓவியர் ஒருவர் புதிதாக வரைந்த போனகானைப் பார்த்து வரையாதீர்கள். பழைய சுவடியை மட்டும் பாருங்கள்.

அப்புறம், இணையத்தில் கிடைக்கும் 'ஏ முதல் இசட் வரை இடைக்கால விலங்குகள்' பட்டியல்களை நம்பாதீர்கள். அந்தக் கால லத்தீனில் 23 எழுத்துதான். ஜே, டபிள்யூ கிடையாது, யூவும் வீயும் ஒன்று. காலி இடத்தை நிரப்ப என்னென்னவோ சேர்க்கிறார்கள். ஜே-க்கு வரும் கொம்பு முயல் ஜாக்கலோப், 1930களில் அமெரிக்காவில் பாடம் செய்து விற்ற வேடிக்கைப் பொருள். பி-க்கு பிஹோல்டர் என்று போட்டிருந்தால் உடனே அடித்துவிடுங்கள். அது 1970களில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் பிறந்தது, அதற்கு உரிமையாளர் உண்டு, வக்கீல்களும் உண்டு. ஜே-க்கு ஜாக்குலஸ் போடுங்கள்: மரத்திலிருந்து ஈட்டிபோலப் பாயும் பாம்பு. டபிள்யூ-க்கு, தீவு என்று நம்பி மாலுமிகள் முதுகில் தீ மூட்ட, சூடு தாங்காமல் மூழ்கிவிடும் திமிங்கலம், ஆங்கிலத்தில் வேல் (Whale).

அடுத்து உங்களைத் தேடி வரப்போவது பதிவு ஏஜென்ட். 26 படத்துக்கும் தனித்தனியாகக் காப்பிரைட் எடுத்தாக வேண்டும் என்று பயமுறுத்துவார். பதிவு கட்டாயமே இல்லை. வரைந்து முடித்த நிமிடமே உரிமை உங்களுடையது. சாட்சிக்காகப் பதிய விரும்பினால் ஓர் ஓவியத்துக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனில் நீங்களே கட்டலாம். ஆட்சேபத்துக்கென்று 30 நாள் விட்டுவிட்டுத்தான் ஆபீஸ் உங்கள் விண்ணப்பத்தையே பிரிக்கும். அதற்குப் பிறகு எப்போது அசையும் என்று கேட்காதீர்கள். 'சீக்கிரம் வாங்கித் தருகிறேன்' என்று ஏஜென்ட் வாங்கும் பணம் எதற்கென்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

பதிப்பாளர் ஒப்பந்தத்தை நீட்டினால் காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் நம் சட்டம் ஐந்தாண்டு, இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும், அது உங்களுக்கு நல்லதுதான். 'உலகம் முழுதும், நிரந்தரமாக' என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

படக் கம்பெனிக்கு ஒரே ஒரு மெயில் போதும்: எந்தப் படம், அதற்கு உரிமையாளர் யார், எந்தச் சட்டப் பிரிவின்படி கேட்கிறீர்கள், எழுத்தில் தாருங்கள். பணம் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். தேதி போட்ட பென்சில் வரைவுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வையுங்கள்.