ஜெர்மனில் "ஷிக்": எந்த எழுத்துக்கோவை?

உங்கள் ஜெர்மன் சொல் அட்டையில் "ஸ்டைலான உடை" என்பதற்காக, "ஷிக்" (ஸ்டைலான) என்ற சொல்லின் பிரெஞ்சு எழுத்துக்கோவையான சி-எச்-ஐ-சியோடு 'இ-எஸ்' விகுதி சேர்த்திருக்கிறீர்கள். பிழை அங்கேதான். ஜெர்மனில் அந்தக் கோவை விகுதி ஏற்காது. "உடை ஷிக்காக இருக்கிறது" என்பதுபோல் பயனிலையாக மட்டுமே வரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எஸ்-சி-எச்-ஐ-சி-கே எழுதி விகுதி சேருங்கள்: "ஐன் ஷிக்கஸ் க்ளைட்". எல்லா இடத்திலும் இந்தக் கோவையையே வைத்துக்கொள்வது நல்லது, எங்குமே தவறாகாது.

டச்சு அட்டைக்கு இதை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள். அங்கே பெயர்ச்சொல்லுக்கு முன் சி-எச்-ஐ-க்யூ-யு-இ: "அன் ஷீக்க யுர்க்". பிரெஞ்சில் பெண்பாலுக்கும் வடிவம் மாறாது. ஆனால் இடம் முக்கியம்: "அன் ஷிக் டீப்" என்று முன்னால் வைத்தால் ஸ்டைலான ஆள் அல்ல, நல்ல மனுஷன்!